நடந்ததா, நடக்கவில்லையா: பைபிளை எந்த வழியில் படிப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அக்கா மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "மாமா, யோனா மீன் வயித்துக்குள்ள மூணு நாள் இருந்தாருன்னு நான் நம்பித்தான் ஆகணுமா? நம்பாம உறுதிபூசுதல் வாங்குனா அது பொய் சொல்ற மாதிரி ஆகாதா?" பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறான். திருமுழுக்கில் வாங்கிய நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலை ஆயர் வந்து கொடுப்பதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால் வாதம் பண்ண வந்தவன் மாதிரி தெரியவில்லை, ராத்திரி தூங்காமல் யோசித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். "சரி, இதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு ஞாயிறும் வா" என்றேன். அப்படி மூன்று ஞாயிறு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நிற்கிற பிள்ளைகளும் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் நிறைய பேர் இருப்பார்கள் என்று தெரியும்.

முதல் வழி, எழுதியிருப்பதெல்லாம் எழுதியபடியே நடந்தது என்று எடுத்துக்கொள்வது. இதை நான் லேசில் தள்ளமாட்டேன். என்னை வளர்த்த அப்பத்தா இப்படித்தான் நம்பினாள். எங்களுக்குத் தேவகோட்டை, திருவாடானை பக்கம் போனால் ஓரியூர். போர்ச்சுக்கல்லில் லிஸ்பனில் 1647-ல் பிறந்து இங்கே வந்து அருளானந்தர் ஆன ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ம் தேதி தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்கே மண் சிவந்து கிடப்பது அவர் ரத்தம் சிந்தியதால் என்று சனங்கள் நம்புகிறார்கள், கொஞ்சம் எடுத்து முடிந்துகொண்டு வருவார்கள். அப்பத்தா அந்த மண்ணை ஒரு துணி முடிச்சில் கட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள், எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் சிலுவை போட்டுப் பூசுவாள். அவளுக்கு அது ரத்தம்தான். "மாதிரி" என்ற சொல்லே அவளிடம் கிடையாது.

இந்த வழியின் பலம் எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தது. தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, கால் கொப்பளிக்க ஓரியூருக்கு நடை. அண்டை வீட்டில் ஒருவர் பட்டினி என்று தெரிந்தால் பானையில் இருப்பதில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள், ஏனென்றால் "பசியாயிருந்தேன், நீங்கள் எனக்கு உணவு கொடுத்தீர்கள்" என்று சொன்ன இயேசு நிஜமாகவே அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவள் எண்ணம். இந்த நம்பிக்கை உடம்பைக் கேட்டது, அவளும் உடம்பைக் கொடுத்தாள். இதை எந்த வழி எடுத்தாலும் இழக்கக் கூடாது என்பது என் முதல் கருத்து.

ஆனால் பைபிளே இந்த வழிக்கு முழுசாக ஒத்துழைப்பதில்லை. தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் விலங்குகள் முதலில், மனிதர் கடைசியில். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், பிறகுதான் விலங்குகள். முதல் நாளே ஒளி வந்துவிடுகிறது, கதிரவன் நான்காம் நாள்தான் வருகிறது. மத்தேயு யோசேப்பின் தந்தை யாக்கோபு என்கிறார், லூக்கா ஏலி என்கிறார். எருசலேம் கோவிலில் வியாபாரிகளை விரட்டியது யோவானில் தொடக்கத்திலேயே வருகிறது, மற்ற மூவரிடமும் கடைசி வாரத்தில் வருகிறது. இவற்றையெல்லாம் தொகுத்தவர்கள் கண் தெரியாதவர்களா என்ன? பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், தேதி வாரியாகப் பதிவேடு எழுதுவது அவர்கள் வேலையாக இருந்ததில்லை.

இன்னொன்று, சொல்லுக்குச் சொல் நம்புகிறேன் என்று சொல்பவரும் முழுக்க அப்படிப் படிப்பதில்லை. "உன் வலக்கண் உன்னைப் பாவத்தில் விழச் செய்தால் பிடுங்கி எறிந்துவிடு" என்ற வரிக்கு யாரும் கண்ணைப் பிடுங்கியதில்லை. செல்வர் விண்ணரசில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று படித்ததும் ஊசியின் காதை அளக்கப் போவதில்லை. (காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்ற பட்டினத்தாரின் சொல் புழங்குகிற மண் இது. இங்கே ஊசி என்றாலே யாரும் தையல் பெட்டியைத் தேடமாட்டார்கள்.) "நானே வாயில்" என்றார் இயேசு, "நானே திராட்சைக் கொடி" என்றார். அங்கெல்லாம் உருவகம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மீனுக்கு வந்ததும் பிடிவாதம் பிடிக்கிறோம்.

யோவான் நற்செய்தியை இந்தக் கண்ணோடு ஒரு தரம் படித்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் நிக்கதேம் என்ற பெரிய படிப்பாளி, தாயின் வயிற்றுக்குள் திரும்பவும் எப்படிப் போவது என்று கேட்கிறார். வாழ்வு தரும் தண்ணீர் என்றதும் சமாரியப் பெண், இனி கிணற்றடிக்கு வந்து மொள்ள வேண்டியதில்லையே என்கிறாள். உங்களுக்குத் தெரியாத உணவு எனக்கு இருக்கிறது என்றதும் சீடர்கள், யாரோ சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருப்பார்களோ என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் சொல்லைச் சொல்லாகவே பிடித்தவர் தவறிப்போகிறார், இயேசு பொறுமையாக அடுத்த படிக்கு இழுக்கிறார்.

சொல்லுக்குச் சொல் படிப்பதுதான் பழைய வழி, உருவகமாகப் படிப்பது இந்தக் காலத்து நழுவல் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஓரிஜென், கடவுள் ஒரு குடியானவன் மாதிரி ஏதேன் தோட்டத்தில் மரம் நட்டார் என்று எந்தப் புத்தியுள்ளவன் நினைப்பான் என்று கேட்டுவிட்டார். பின்னால் புனிதராகப் போற்றப்பட்ட அகுஸ்தீனுக்குப் பழைய ஏற்பாட்டுக் கதைகள் இளவயதில் தொண்டையில் இறங்கவே இல்லை. மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் அவற்றை உட்பொருள் விரித்துச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வழி திறந்தது, 387-ல் திருமுழுக்கு வாங்கினார். அதற்கும் முன்னால் பவுலே, கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற ஆகாரையும் சாராவையும் இரண்டு உடன்படிக்கைகளின் உருவகம் என்கிறார். இன்று நாம் பார்க்கிற இறுக்கமான எழுத்துப் பிடிப்பு, 1910-க்கும் 1915-க்கும் இடையே அமெரிக்காவில் வந்த ஒரு சிறுநூல் வரிசையோடு சேர்ந்து பலப்பட்டது. எங்கள் அப்பத்தாவின் நம்பிக்கை அந்த ரகம் கிடையாது. அவள் யாரோடும் வழக்காட வேண்டியிருந்ததில்லை.

பதினேழு வயசுப் பிள்ளைக்கு இந்த வழியின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே சுவர் என்று கட்டிக் கொடுத்தால், உயிரியல் வகுப்பில் ஒரு கல் ஆடியதும் மொத்தமும் சரிகிறது. மீனோடு சேர்த்து இயேசுவின் மலைப்பொழிவும் போய்விடுகிறது. அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும், அதில் என் உயிர் நண்பன் ஒருவனும் உண்டு.

இரண்டாவது வழி, எல்லாமே குறியீடு என்று எடுத்துக்கொள்வது. உயிர்ப்பு என்றால் நம்பிக்கை சாகாது என்று பொருள், புயல் அடங்கியது என்றால் மன அமைதி, ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் போதியது என்றால் ஒரு பையன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்ததும் எல்லாரும் மடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பகிர்ந்தார்கள். இந்த அப்பப் பிரசங்கத்தை நானே பல தடவை கேட்டிருக்கிறேன், நல்ல மனசோடு சொல்வதுதான். அறிவியலோடு சண்டை இல்லை, படித்த பிள்ளைக்குக் கூச்சம் இல்லை, வேற்றுமதத்து நண்பர்களிடம் பேசவும் எளிது. இதற்குப் பெரிய படிப்பும் துணை நிற்கிறது. 1941-ல் ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் புல்ட்மான், மின்விளக்கும் வானொலியும் பயன்படுத்திக்கொண்டே ஆவிகளும் அற்புதங்களும் நிறைந்த அந்தக் காலத்து உலகப் படத்தையும் நம்புவது முடியாத காரியம் என்றார். அவர் அந்தக் கதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அவை நம் வாழ்க்கையிடம் என்ன கேட்கின்றன என்று பார்க்கச் சொன்னார். அது நியாயமான கேள்வி.

சில வருஷம் நான் இந்த வழியில்தான் இருந்தேன். விட்டதற்குக் காரணம் சொல்கிறேன்.

ஒன்று, எல்லாவற்றையும் பொருள் பிரித்து எடுத்த பிறகு கையில் மிஞ்சுவது புத்திமதி. பகிர்ந்து உண், தைரியமாக இரு, மன்னித்துவிடு. இதற்கு ஆத்திசூடி போதுமே, ஒருவர் சிலுவையில் ஏற வேண்டிய அவசியம் என்ன? இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் கனமானது. சிலுவைச் சாவு குறியீடு மட்டும் கிடையாது. பொந்தியு பிலாத்து என்ற ரோமை ஆளுநர் காலத்தில் ஒரு மனிதர் ஆணி அடித்துக் கொல்லப்பட்டார், ரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் அந்த மரண தண்டனையைக் குறித்து வைத்திருக்கிறார். ஓரியூரில் அந்த பிப்ரவரி நாளில் விழுந்ததும் ஒரு நிஜத் தலை. மண் சிவப்பாக இருப்பதற்கு அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு காரணம், சிவகங்கைச் சீமையில் பாதி நிலம் அந்த நிறம்தான். அதை மருமகனுக்கும் சொன்னேன். ஆனால் மண்ணின் நிறத்துக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டதால் அங்கே ரத்தம் சிந்தவில்லை என்று ஆகிவிடாது. வலியை உருவகம் ஆக்கிவிட்டால் வலித்தவருக்கு நாம் துரோகம் செய்கிறோம் என்று எனக்குப் படும்.

மூன்றாவது காரணத்தைப் புரியவைத்தது எங்கள் பக்கத்து வீடு. நகரத்தார் வீடு, இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வளவு. அந்த வீட்டுப் பேரன் எனக்குக் கூட்டாளி. பிள்ளையார் நோன்பு அன்றைக்கு அங்கே போய் நிற்பேன். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக இருபத்தோரு நாள் எடுத்த நூலைத் திரியாக்கி, இழைமா என்ற மாவுருண்டையில் வைத்து ஏற்றி, பெரியவர்கள் கையால் வாங்கிச் சுடரோடு விழுங்குவார்கள். என் கூட்டாளி ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு, எதற்காக நெருப்போடு விழுங்க வேண்டும் என்று கேட்டான். அவன் ஆச்சி சொன்னார்: "அர்த்தமெல்லாம் அப்புறம் கேளு, சுடர் அணையிறதுக்குள்ள வாயைத் திற." இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தக் குரல் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆச்சிக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. கடல் கடந்து வியாபாரம் போன முன்னோர், புயல், பிள்ளையார் என்று பெரிய கதையே சொல்வார். ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு இழையை மேசையில் வைத்துவிட்டுப் போக முடியாது. விழுங்க வேண்டும்.

பால் டில்லிக் என்ற இறையியலாளர் அடையாளத்துக்கும் குறியீட்டுக்கும் வித்தியாசம் சொல்வார். சாலையில் சிவப்பு விளக்குக்குப் பதில் நாளைக்கு நீல விளக்கு வைத்தாலும் வண்டி நிற்கும், அது வெறும் அடையாளம். குறியீடு அப்படியில்லை, தான் சுட்டுகிற பொருளில் தானும் பங்கு கொண்டது, அதை மாற்றி வைக்க முடியாது. இழைச் சுடர் அப்படிப்பட்டது, நற்கருணை அப்பமும் அப்படிப்பட்டது. 1529-ல் மார்பர்க் நகரில் சீர்திருத்தச் சபைத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் இதற்காகத்தான் உட்கார்ந்து வாதாடினார்கள். "இது என் உடல்" என்ற வரியை லூத்தர் மேசை மேல் சாக்குக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றார். அந்த வரிக்கு "இது என் உடலைக் குறிக்கிறது" என்றுதான் பொருள் என்றார் சுவிங்லி. ஒத்துப்போகாமலேயே பிரிந்தார்கள். கத்தோலிக்கனாக நான் அப்பத்தை "வெறும் குறியீடு" என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு நெருடுவது அதிலுள்ள "வெறும்" என்ற சொல்தான். குறியீட்டை வெறும் என்று எப்போது சொல்ல ஆரம்பித்தோமோ அப்போதே விழுங்குவதை விட்டுவிட்டோம்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவதும் ஒரு வழி. நேர்மையாக யோசித்து அப்படிப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் மருமகன் அதைக் கேட்கவில்லை, அவனுக்குப் பூசையில் பாட வேண்டும், பொய் சொல்லாமல் பாட வேண்டும்.

அதனால் நான் அவனுக்குச் சொன்னது மூன்றாவது வழி. இது புதுசு இல்லை, சபை பல நூற்றாண்டு வைத்திருந்ததுதான். ஒரு பகுதியை நான்கு பொருளில் படிப்பார்கள். எருசலேம் என்ற சொல்லை வைத்துக் காசியான் என்ற துறவி காட்டிய உதாரணம் எளிது: எழுத்தின்படி அது யூதர்களின் நகரம், உருவகமாகத் திருச்சபை, நடத்தையின் வழியில் பார்த்தால் மனித ஆன்மா, கடைசிக் காலத்தை நோக்கிப் பார்த்தால் வானக நகரம். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. எழுத்துப் பொருள்தான் அடித்தளம் என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அழுத்திச் சொல்வார். எழுத்துப் பொருள் என்றால் எழுதியவர் என்ன சொல்ல வந்தாரோ அது. அவர் கதை எழுதினால் கதையாக, பாட்டு எழுதினால் பாட்டாக, நடந்ததை எழுதினால் நடந்ததாக. 1943-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலிலும், 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டிலும், எழுத்தின் வகையைப் பார்த்துப் பொருள் கொள்ளச் சொன்னார்கள். ஆக மீனை அப்படியே நம்பினால்தான் உறுதிபூசுதல் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைக் கேட்டதும் அவன் பெருமூச்சு விட்டதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் யோனாவையே எடுத்தோம். மொத்தம் நான்கு அதிகாரம், 48 வசனம், ஒரு காப்பி ஆறுவதற்குள் படித்துவிடலாம். அவனும் நானும் சத்தமாகப் படித்தோம். நினிவேயில் மனிதர் மட்டுமா, ஆடு மாடுகளும் நோன்பிருந்து சாக்கு உடுத்துகின்றன. இதைப் படிக்கும்போதே இது எந்த வகை எழுத்து என்று காது சொல்லிவிடுகிறது. மீன் இரண்டு மூன்று வசனத்தில் வந்து போய்விடுகிறது. கதையின் முள் வேறு இடத்தில் இருக்கிறது. நினிவே அசீரியப் பேரரசின் பெருநகரம், வட இஸ்ரயேலை கி.மு. 722 வாக்கில் அழித்த பேரரசு அது. அந்தப் பகைவர் ஊருக்குப் போய் எச்சரிக்கை சொல் என்கிறார் கடவுள், யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறுகிறார். ஏன் ஓடினார்? பயத்தினால் இல்லை. கடவுள் அவர்களை மன்னித்துவிடுவார் என்று தெரியும், அதனால் ஓடினார். நான்காம் அதிகாரத்தில் அவரே கோபமாகச் சொல்கிறார்: நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியுமே!

கடைசியில் ஊருக்கு வெளியே ஓர் ஆமணக்குச் செடி நிழலில் உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கம் கண்மாய்க் கரையில் தானாக முளைத்து நிற்குமே, அதே ஆமணக்கு. புழு அரித்து அது வாடியதும் சாகிற அளவுக்குக் கோபம். நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலக்கை எது இடக்கை எது என்று தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரும் அத்தனை கால்நடைகளும் இருக்கிற ஊருக்காக நான் வருந்த வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். அத்தோடு புத்தகம் முடிகிறது. யோனா பதில் சொன்னாரா என்று எழுதவில்லை.

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன வருஷம் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய ஒரு பையன் பெயரைச் சொன்னான். நான் எதுவும் விளக்கவில்லை. மீன் நடந்ததா என்ற கேள்வி அந்த நேரத்தில் திண்ணையில் இல்லவே இல்லை.

பிரெஞ்சு மெய்யியலாளர் பால் ரிக்கர் இதை இரண்டாம் வெகுளி, அதாவது இரண்டாவது வெள்ளந்தி மனம் என்பார். முதல் வெகுளி எங்கள் அப்பத்தாவினுடையது. அதற்குப் பிறகு கேள்வி கேட்கிற காலம் வருகிறது, வந்தே ஆக வேண்டும். அந்தக் கேள்விகளை மறைக்காமல் தாண்டி வந்து, திரும்பவும் அந்தக் கதை தன்னோடு பேசும்படி விடுவது இரண்டாவது.

இந்த வழிக்கும் சிரமம் உண்டு, மறைக்கமாட்டேன். எது கதை, எது நிகழ்ச்சி என்று ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நமக்குப் பிடிக்காததை மட்டும் உருவகம் ஆக்கிவிடும் சபலம் இருக்கிறது. "உன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு" என்பதை உருவகம் ஆக்குவதற்கு நம் எல்லாருக்குமே ஆசைதான். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: உருவகமாகப் படித்ததால் எனக்கு வேலை குறைந்துவிட்டதா, கூடியிருக்கிறதா? குறைந்திருந்தால் அந்த வாசிப்பைச் சந்தேகப்படுவேன்.

உயிர்ப்பைப் பற்றி அவன் கேட்காமல் விடுவானா? கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நாங்கள் பறைசாற்றியதும் வீண், உங்கள் நம்பிக்கையும் வீண் என்று பவுல் கொரிந்தியருக்குச் சொல்லிவிட்டார், அதை உருவகம் என்று மடித்து வைக்க முடியாது. அதே நேரத்தில் நற்செய்திகள் அதைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரிகிறது. எம்மாவு வழியில் இரண்டு பேர் கூடவே நடந்தும் அடையாளம் தெரியவில்லை, அப்பம் பிட்டபோது தெரிகிறது, தெரிந்ததும் மறைந்துவிடுகிறார். அப்புறம் வறுத்த மீன் துண்டை வாங்கிச் சாப்பிடவும் செய்கிறார். கேமரா வைத்துப் பிடிக்கிற மாதிரியும் இல்லை, வெறும் மனத்தோற்றமாகவும் இல்லை. அவர்களுக்கு ஏதோ நேர்ந்தது, அதைச் சொல்ல இருக்கிற மொழி போதவில்லை. நான் பூசையில் "உயிர்த்தெழுந்தார்" என்று முழுக் குரலில்தான் சொல்கிறேன். எப்படி என்று கேட்டால் பாஸ்கா இரவில் விளக்கெல்லாம் அணைத்த கோவிலுக்குள் அந்த ஒற்றை மெழுகுதிரி நுழைவதைக் காட்டுவேன், அதற்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை.

முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம். சின்னப் பிள்ளைகளுக்குக் கதையைக் கதையாகவே சொல்லுங்கள், "நிஜமாவே நடந்துச்சு" என்றும் அழுத்த வேண்டாம், "சும்மா கதைதான்" என்றும் குறைக்க வேண்டாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கடினமே இல்லை; நிலைவாசலுக்கு மேலே கஜலட்சுமியைச் செதுக்கி வைத்த வீடுகளுக்கு நடுவே வளர்கிறார்கள், அங்கே இரண்டு யானை எப்படி நிற்கும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் கேள்வி வரும்போது, பதில் தெரிந்த மாதிரி நடிக்காமல் அந்தப் பகுதியைக் கூட உட்கார்ந்து படியுங்கள். அம்மாவையோ அப்பாவையோ அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் இந்த ஒப்பீடு எதையும் பேசாதீர்கள், செபமாலை சொல்லுங்கள். வயதானவர்களின் நம்பிக்கையைத் திருத்தப் போகவே வேண்டாம். அவர்கள் நாம் போக வேண்டிய இடத்துக்கு வேறு பாதையில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

அப்பத்தா போய் ரொம்ப வருஷம் ஆகிறது, அந்த முடிச்சு இன்னும் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. மூன்றாம் ஞாயிறு பேச்சு முடிந்ததும் அதை எடுத்து அவனுக்குக் காட்டினேன். விரலில் கொஞ்சம் தொட்டுப் பார்த்தான். "இரும்பு ஆக்சைடு" என்றான், சிரித்தான், அப்புறம் அதே விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். உறுதிபூசுதலுக்கு முந்தின சனிக்கிழமை ஓரியூருக்கு நடந்து போவதாக இருக்கிறோம். விடியற்காலையில் கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் அந்தச் சாலையில் நிழல் கிடையாது. பேச்சை நிறுத்திய அந்தப் பையனையும் கூப்பிட்டிருக்கிறானாம்.